குர்துபாவில் இளைத்த மன்னர்

மன்னர்களுக்கு வரலாறு சூட்டிய அடைமொழிகள் பலவகை. ஒருவரை ‘வீரர்’ என்னும். ஒருவரை ‘நீதிமான்’ என்னும். ஸ்பெயினின் வடபகுதியில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் விளங்கிய லெயோன் அரசின் மன்னர் முதலாம் சாஞ்சோவுக்கு அது சூட்டிய அடைமொழி ‘பருத்தவர்’ என்பதாகும். உடலின் பருமனால் அரியணை இழந்து, தம் குலத்தின் பகைவரான குர்துபா கலீஃபாவிடமே மருத்துவம் நாடிச் சென்று, இளைத்த உடலோடு திரும்பி அரசை மீட்டவர் அவர்.

இச்செய்தியை முதன்முதலில் படித்தபோது நாமும் நகைத்தோம். நடக்கவும் இயலாத ஒரு மன்னர், முதிய பாட்டியின் துணையோடு நெடுந்தொலைவு சென்ற காட்சி நகைப்புக்குரியதாகவே தோன்றியது. ஆனால் அதையே மீண்டும் படித்தபோது நகைப்பு அடங்கி நாணம் தலைதூக்கியது. சாஞ்சோவைப் பார்த்து நகைத்தவர்கள் லெயோனில் இருந்தார்கள். நகைக்காமல் மருந்து கொடுத்தவர்கள் குர்துபாவில் இருந்தார்கள். இவ்விரு கூட்டத்தாருள் நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம்? இக்கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது.

அரியணை இழந்தவர்

சாஞ்சோவின் தந்தை இரண்டாம் ராமிரோ பெரும் போர்வீரர். 939-ஆம் ஆண்டு சிமன்காஸ் என்னும் இடத்தில் நடந்த போரில் மூன்றாம் அப்துர் ரஹ்மானின் பெரும்படையையே முறியடித்தவர். அத்தோல்விக்குப் பின் கலீஃபா தாமே படை நடத்திப் போர்க்களம் செல்வதை நிறுத்திக்கொண்டார். அத்தகைய தந்தைக்கு மகனாகப் பிறந்ததே சாஞ்சோவுக்கு ஒரு சுமையாக இருந்திருக்க வேண்டும். மக்கள் அவரை எந்த அளவுகோலால் அளந்திருப்பார்கள் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

951-இல் ராமிரோ இறந்தார். மூத்த தாரத்து மகன் மூன்றாம் ஓர்தோன்யோ ஐந்தாண்டு ஆண்டார். அவருக்குப் பின் 956-இல் சாஞ்சோ அரியணை ஏறினார். அப்போது அவர் குதிரையேற இயலாதவராகவும், பிறர் தோளைப் பற்றியன்றி நடக்க முடியாதவராகவும் இருந்தார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். குதிரைமேல் அமர்ந்து படைக்கு முன் செல்வதே மன்னர்க்கு இலக்கணம் எனக் கருதப்பட்ட காலம் அது. குதிரையேற முடியாத மன்னரை மக்கள் எள்ளி நகையாடினர்.

எனினும், பருமன் ஒன்றே அவரை வீழ்த்தியது என்று எண்ணிவிடலாகாது. அந்தலூஸின் வரலாற்றை 1861-இல் விரிவாக எழுதி வெளியிட்ட டச்சு அறிஞர் டோசி, பிரபுக்களின் அதிகாரத்தை ஒடுக்கச் சாஞ்சோ முயன்றதையும், முஸ்லிம்களுடன் நடந்த போரில் அவர் தோல்வி கண்டதையும் காரணங்களாகக் காட்டுகிறார். காஸ்தீல் பகுதியின் தலைவர் ஃபெர்னான் கொன்சாலஸின் சூழ்ச்சியும் அவற்றோடு சேர்ந்தது. 958-இல் பிரபுக்கள் சாஞ்சோவை விரட்டிவிட்டு நான்காம் ஓர்தோன்யோ என்பவரை அரியணையில் அமர்த்தினர். பகைக்குக் காரணம் அரசியல்; ஆனால் அந்தப் பகைக்கு மக்கள் வாயில் எளிதாக நுழையும் சொல்லைத் தந்தது உடல். ஒரு மனிதரைச் சாய்க்க விரும்புவோர்க்கு அவருடைய பருத்த மேனி எப்போதும் கைக்கெட்டும் ஆயுதமாகவே இருந்து வந்திருக்கிறது.

பாட்டியின் துணிவு

விரட்டப்பட்ட சாஞ்சோ அடைக்கலம் புகுந்த இடம் பம்ப்லோனா. அங்கே அவருடைய தாயைப் பெற்ற பாட்டி தோடா அரசி இருந்தார். சிமன்காஸ் போரில் கலீஃபாவுக்கு எதிரணியில் நின்ற அதே தோடாதான் இவர். பேரனின் நிலையைக் கண்ட அம்மூதாட்டி அவனைக் கடிந்துரைக்கவில்லை. மூலையில் ஒதுக்கி வைக்கவுமில்லை. அவனுக்கு இரண்டு தேவைகள் இருப்பதை உணர்ந்தார். ஒன்று மருத்துவர், மற்றொன்று படை. அன்றைய ஸ்பெயினில் இவ்விரண்டும் ஒருங்கே கிடைக்கக்கூடிய இடம் குர்துபா ஒன்றே.

தோடாவுக்கும் மூன்றாம் அப்துர் ரஹ்மானுக்கும் இடையே இரத்த உறவும் இருந்தது. தோடாவின் தாய் ஒனேகா, குர்துபாவின் அமீர் அப்துல்லாஹ்வுக்கு மனைவியாக இருந்தவர் என்றும், அவர் வழிப் பேரனே அப்துர் ரஹ்மான் என்றும் பழைய வம்சாவளிகள் கூறுகின்றன. அம்முறையில் தோடா கலீஃபாவுக்கு அத்தையாவார். போர்க்களத்தில் பகையாக நின்ற உறவு, நோய் வந்தபோது உறவாகவே நினைவுக்கு வந்தது.

கலீஃபா ஒரு தூதரை அனுப்பினார். அவர் ஹஸ்தாய் இப்னு ஷப்ரூத் என்னும் யூதப் பெருமகனார். மருத்துவர், பன்மொழி வல்லவர், கலீஃபாவின் நம்பிக்கைக்குரிய ஆலோசகர். பைசாந்தியப் பேரரசர் அன்பளிப்பாக அனுப்பிய தியாஸ்கோரிதிஸின் கிரேக்க மூலிகை நூலைப் புரிந்துகொள்ள, 951-இல் நிக்கோலாஸ் என்னும் துறவி குர்துபாவுக்கு வந்தார். அவருடன் இணைந்து, நூலில் கண்ட செடிகளின் பெயர்களை அரபு மொழியில் தெளிவுறுத்தியவர்களுள் ஹஸ்தாய் முதன்மையானவர். ஒரு கிறிஸ்தவத் துறவியும் ஒரு யூத மருத்துவரும் ஒரு முஸ்லிம் கலீஃபாவின் ஆதரவில் அமர்ந்து மூலிகைகளை ஆராய்ந்த நகரம் அது. பருத்த மன்னர் ஒருவரை அந்நகரம் பகைவராகப் பாராமல் நோயாளியாகப் பார்த்ததில் வியப்பென்ன?

ஹஸ்தாய் பம்ப்லோனாவுக்குச் சென்று சாஞ்சோவைக் கண்டார், தோடாவுடன் பேசினார். மருத்துவமும் படையுதவியும் உண்டு. ஆனால் அவர்கள் குர்துபாவுக்கு நேரில் வரவேண்டும், அரசு மீண்டபின் எல்லைக் கோட்டைகள் பத்தை ஒப்படைக்க வேண்டும் என்பது உடன்பாடு. இதில் கலீஃபாவின் அரசியல் ஆதாயம் அடங்கியிருந்ததை நாம் மறைக்க வேண்டியதில்லை. பரிவும் ஆதாயமும் கலந்தே வந்தன. ஆயினும் வந்தது பரிவு என்பதையும் மறுக்க வேண்டியதில்லை.

958-இல் தோடாவும், அவர் மகன் கார்சியா மன்னரும், பேரன் சாஞ்சோவும் 600 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவைக் கடந்து குர்துபா வந்து சேர்ந்தனர். மதீனத்துஸ் ஸஹ்ரா அரண்மனையில் கலீஃபா அவர்களை அரச மரியாதையோடு வரவேற்றார். சொந்த நாட்டில் நகைப்புக்கு ஆளானவர், பகைவர் நாட்டில் மன்னராகவே வரவேற்கப்பட்டார்.

மருந்தும் மனமும்

சாஞ்சோவின் மருத்துவத்தைப் பற்றி அக்காலத்துக்கு நெருங்கி எழுதிய லத்தீன் நாளாகமம் ஆயர் சம்பீரோ என்பவருடையது. முஸ்லிம்கள் மூலிகைகள் கொண்டுவந்து அவர் வயிற்றுப் பருமனைப் போக்கினர், அவரும் பழைய சுறுசுறுப்பை அடைந்தார் என்று அது சுருங்கக் கூறி முடிக்கிறது. பிற்காலத்தார் கதையை வளர்த்தனர். மன்னரின் வாயைத் தைத்துவிட்டார்கள் என்றார்கள். நாற்பது நாள் நீராகாரம் மட்டுமே புகட்டினார்கள் என்றார்கள். கயிறு கட்டி இழுத்து நடக்க வைத்தார்கள் என்றார்கள். சம்பீரோவின் ஏட்டில் இவற்றில் ஒன்றும் இல்லை. பருத்தவர் இளைக்க வேண்டுமானால் வதைபட்டே ஆகவேண்டும் என்று மக்கள் உள்ளம் எதிர்பார்க்கிறது போலும்! ஏட்டில் இல்லாத வதையைக் கற்பனையால் இட்டு நிரப்பியிருக்கிறார்கள்.

அக்காலத்து அரபு மருத்துவம் வதையை முதன்மையாகக் கொண்டதன்று. உடல்நலம் ஆறு காரணிகளைச் சார்ந்தது என்பது அதன் அடிப்படைப் பாடம். காற்று, உணவும் பானமும், உறக்கமும் விழிப்பும், இயக்கமும் ஓய்வும், கழிவுகள் வெளியேறுதலும் தங்குதலும், ஆறாவதாக உள்ளத்தின் உணர்ச்சிகள். கோபம், துயரம், அச்சம், மகிழ்ச்சி ஆகியவற்றை உணவோடும் உறக்கத்தோடும் ஒரே வரிசையில் வைத்தெண்ணிய மருத்துவம் அது.

934-இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, உடல்களுக்கும் உள்ளங்களுக்கும் நலம் தருவன பற்றித் தனி நூலே எழுதினார். உடலைப் பேணுவோர் உள்ளத்தைப் பேணாது விடுவதை அதில் அவர் குறையாகச் சுட்டினார். சாஞ்சோவின் காலத்துக்குப் பின் வந்த இப்னு ஸீனா, தம் ‘கானூன்’ நூலில், பருமனைக் குறைக்க விரும்புவோர்க்கு அளவில் மிகுந்தும் சத்தில் குறைந்தும் உள்ள உணவு, உடற்பயிற்சி, உணவுக்கு முன் நீராடல் ஆகியவற்றைப் பரிந்துரைத்தார். வயிறு நிறைய வேண்டும், ஆனால் சத்து மிகக் கூடாது என்னும் இக்கருத்து, காய்கறிகளையும் நார்ச்சத்தையும் வலியுறுத்தும் இன்றைய உணவியலாருக்கும் உடன்பாடானதே.

ஏளனம் மருந்தாகுமா?

லெயோனின் நகைப்பு சாஞ்சோவை இளைக்க வைக்கவில்லை. இது ஒரு மன்னரின் தனிக்கதையா, மனித இயல்பா?

900 ஆண்டுகள் கடந்து லண்டன் நகருக்கு வருவோம். அங்கே ஈமச்சடங்குத் தொழில் நடத்திய வில்லியம் பேண்டிங் என்பவர் 1863-இல் பருமன் பற்றித் தம் அனுபவங்களைச் சிறு நூலாக வெளியிட்டார். குனிந்து காலணியின் நாடாவைக் கட்ட முடியவில்லை. மாடிப்படிகளில் பின்புறமாகவே இறங்க வேண்டியிருந்தது. உடலின் துன்பத்தோடு பொதுவிடங்களில் மக்கள் செய்த ஏளனத்தையும் அவர் வேதனையுடன் குறிப்பிட்டிருக்கிறார். அவர் முயலாமல் இருந்தாரா? இல்லை. நாள்தோறும் அதிகாலையில் படகு வலித்தார். தசை வலுத்தது, பசியும் வலுத்தது, எடை மேலும் ஏறியது. இறுதியில் ஹார்வி என்னும் மருத்துவர் அவருடைய உணவை மாற்றியமைத்தார். 202 பவுண்டு இருந்த எடை ஓராண்டில் 156 ஆயிற்று. ஊராரின் ஏளனம் பல்லாண்டுகளாகச் செய்யாததை, ஒரு மருத்துவரின் தெளிவான வழிகாட்டல் ஓராண்டில் செய்தது.

மனிதர் ஏன் மிகையாக உண்கிறார்? ‘வாயைக் கட்டத் தெரியாதவர்’ என்று ஒரு சொல்லில் தீர்ப்பளித்துவிடுகிறோம். இருபதாம் நூற்றாண்டின் ஆய்வுகள் அத்தீர்ப்பை அவ்வளவு எளிதாக ஏற்கவில்லை.

இரண்டாம் உலகப்போரின் இறுதிக் கட்டத்தில், 1944 நவம்பரில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்னும் அறிஞர் ஓர் ஆய்வைத் தொடங்கினார். மனச்சான்றின் பேரில் போருக்குச் செல்ல மறுத்த இளைஞர்களுள் 36 பேர் தாமே முன்வந்து அதற்கு உடன்பட்டனர். 1945-இல் 24 வாரங்களுக்கு அவர்களுக்கு நாள்தோறும் ஏறத்தாழ 1,570 கலோரி உணவே தரப்பட்டது. உடல் எடையில் ஏறத்தாழக் கால் பங்கு குறைந்தது. உள்ளத்தில் நிகழ்ந்த மாற்றமோ அதனினும் பெரிது. திடமான இளைஞர்கள் எரிச்சலும் சோர்வும் அடைந்தனர். உணவைப் பற்றியே பேசினர். உணவைப் பற்றியே கனவு கண்டனர். சிலர் சமையல் நூல்களைச் சேகரிக்கலாயினர். தடை நீங்கியபின் சிலர் வயிறு நிறைய உண்டும் பசி அடங்காமல் தவித்தனர். அவர்கள் பேராசைக்காரர்களா? மனவுறுதி அற்றவர்களா? கொள்கைக்காக ஓர் அரசையே எதிர்த்து நின்றவர்கள் அவர்கள்! கடும் பட்டினி உறுதிமிக்க உள்ளத்தையும் உணவுக்கு அடிமையாக்கும் என்பதையே அந்த ஆய்வு காட்டியது.

1975-இல் ஹெர்மன், மேக் என்னும் இரு உளவியலார் வேறொரு சோதனையை வெளியிட்டனர். மாணவியர்க்கு முதலில் மில்க் ஷேக் பருகக் கொடுத்து, பிறகு விருப்பம்போல் ஐஸ்கிரீம் உண்ணச் செய்தனர். வழக்கமாக உணவைக் கட்டுப்படுத்தாதோர், பானம் பருகியபின் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டனர். எப்போதும் உணவுக்குத் தடை போட்டு வாழ்ந்தோரோ, பானம் பருகியபின் அதிகமாகவே உண்டனர். ‘கட்டுப்பாடுதான் உடைந்துவிட்டதே, இனி என்ன?’ என்னும் எண்ணமே அதற்குக் காரணம் என விளக்கினர். ‘நாளை முதல் ஒரு பருக்கையும் தொடமாட்டேன்’ என்று சூளுரைப்போர், ஒரு துண்டு அல்வாவைத் தின்றுவிட்ட குற்றவுணர்ச்சியில் தட்டு முழுவதையும் காலி செய்வதை நாமும் கண்டிருக்கிறோம் அல்லவா?

ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மருத்துவர் ஹில்டா புரூக், 1973-இல் வெளியிட்ட நூலில் குழந்தைப் பருவத்தைச் சுட்டினார். பசியால் அழும் குழந்தைக்கும், அச்சத்தால் அழும் குழந்தைக்கும், தனிமையால் அழும் குழந்தைக்கும் ஒரே விடையாக உணவையே ஊட்டினால், பசி எது, துயர் எது என்று பிரித்தறியும் ஆற்றல் அதற்கு வளர்வதில்லை என்பது அவர் கருத்து. தாய்மாரைப் பழிப்பதற்காக இதை நாம் எடுத்துக்காட்டவில்லை. அன்பைக் காட்ட உணவைத் தவிர வேறு வழிகளும் உண்டு என்பதற்காகவே காட்டுகிறோம்.

ஏளனத்தின் விளைவை நேரடியாகவே ஆராய்ந்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் 6,157 பேரிடம் 2006-லும் 2010-லும் திரட்டிய விவரங்களை ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒப்பிட்டு 2013-இல் வெளியிட்டனர். தொடக்கத்தில் மிகுபருமன் இல்லாதிருந்தவர்களுள், தம் எடையின் காரணமாகப் பாகுபாட்டுக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் நான்காண்டுகளில் மிகுபருமன் அடையும் வாய்ப்பு, மற்றவர்களைப் போல் இரண்டரை மடங்காக இருந்தது. ஏளனம் மருந்தன்று, நோயை வளர்க்கும் உரமாகவே அது அமையக்கூடும்.

இவற்றோடு உடலின் உள்ளமைப்பும் சேர்ந்துகொள்கிறது. கொழுப்புத் திசுவிலிருந்து மூளைக்குச் செய்தி அனுப்பும் லெப்டின் என்னும் சுரப்புநீர் 1994-இல் கண்டறியப்பட்டது. எடை குறையும்போது உடல் பசியைத் தூண்டி, இழந்த எடையை மீட்கப் பாடுபடுகிறது என்பது இன்று தெளிவாகியுள்ளது. எடையைக் குறைப்போர் தம் உடலோடே போராடுகின்றனர். அந்தப் போராட்டத்தில் உற்றாருடனும் போராட வேண்டிய நிலையை நாம் ஏன் உண்டாக்க வேண்டும்?

இளைத்த பின்

சாஞ்சோ இளைத்தார். 959-இல் முஸ்லிம் படையின் துணையோடு சமோராவைக் கைப்பற்றினார். 960-இல் லெயோன் அவர் வசமாயிற்று. அடுத்த ஆண்டு, 961-இல், மூன்றாம் அப்துர் ரஹ்மான் மறைந்தார். கலீஃபா மறைந்ததும் சாஞ்சோ கோட்டைகளை ஒப்படைக்காமல் காலம் கடத்தலானார்.

இதற்கிடையே அவருக்குப் போட்டியாக வைக்கப்பட்ட நான்காம் ஓர்தோன்யோ என்ன ஆனார்? 962-இல் அவரும் அதே மதீனத்துஸ் ஸஹ்ராவுக்கு வந்து, புதிய கலீஃபா இரண்டாம் ஹகமின் முன் மண்டியிட்டு உதவி கோரினார். அஞ்சிய சாஞ்சோ, வாக்கை நிறைவேற்றுவதாக மீண்டும் சொல்லியனுப்பினார். ஓர்தோன்யோ குர்துபாவிலேயே இறந்த செய்தி எட்டியதும் மீண்டும் மறுத்தார். 963-இல் ஹகமின் படைகள் வடக்கே சென்றன. 966-இல் சாஞ்சோவுக்கு ஒரு பிரபு நஞ்சிட்ட கனியைக் கொடுத்துக் கொன்றதாக நாளாகமம் கூறுகிறது.

இதில் நமக்கு இரண்டு படிப்பினைகள் உண்டு. பருத்த உடலில் தீய குணம் குடியிருக்கும் என்பது எவ்வளவு பொய்யோ, இளைத்த உடலில் நற்குணம் தானே வந்தமரும் என்பதும் அவ்வளவு பொய். சாஞ்சோவின் உடல் மெலிந்தது. அதன்பின் அவர் வாக்கும் மெலிந்தது. பழித்தே தீரவேண்டுமானால் வாக்கு மறந்ததற்காக அவரைப் பழிக்கலாம், வயிற்றுக்காக வேண்டாம்.

இரண்டாவது அதனினும் வருந்தத்தக்கது. குர்துபாவில் இளைத்து அவர் மீண்டும் அரசாண்டது ஆறாண்டுகள். ஆயினும் வரலாற்று ஏடுகளில் இன்றும் அவர் ‘பருத்த சாஞ்சோ’தான். உடலில் ஏறிய எடையை மருத்துவர் இறக்கிவிட்டார். பெயரில் ஏறிய எடையை ஆயிரம் ஆண்டுகளாக எவராலும் இறக்க முடியவில்லை!

நம் இல்லங்களில்

நம் ஊர்களிலும் இத்தகைய பெயர்கள் இல்லையா? தெருவில் ஒரு சிறுவனுக்கு ‘குண்டு’ என்று பெயர் விழுகிறது. அவன் வளர்ந்து, மணமுடித்து, பேரப்பிள்ளைகளைக் கண்ட பிறகும் அடையாளம் சொல்ல அப்பெயரே முன்வருகிறது. விருந்துக்கு வந்த பெண்பிள்ளையிடம், ‘இப்படிப் பெருத்துவிட்டாயே, யார் கட்டிக்கொள்வார்?’ என்று கேட்கிறோம். கேட்ட அதே வாயால், ‘இன்னும் கொஞ்சம் சாப்பிடு, வேண்டாம் என்றால் எங்கள் மனம் நோகும்’ என்று வற்புறுத்துகிறோம். ஒரே அமர்வில் பழியும் பிரியாணியும் பரிமாறப்படுகின்றன. அந்தப் பெண் எதை விழுங்குவாள், எதைத் துப்புவாள்?

சஹனைச் சுற்றிப் பலர் அமர்ந்து உண்ணும் நம் வழக்கம் அழகானது. அதில் ஒருவர் போதும் என்று கை எடுத்தால், அச்சொல்லை மதிப்பதும் விருந்தோம்பலே. பிள்ளை அழுதால் பண்டத்தை நீட்டுமுன், ‘என்ன வருத்தம்?’ என்று கேட்போம். பருத்தவர் ஒருவர் குறைக்க முயன்றால், ஒருநாள் தவறியதைச் சுட்டி நகைக்க வேண்டாம். மறுநாள் அவருடன் சேர்ந்து நாமும் சிறிது தூரம் நடப்போம். பட்டினியை நாடாமல், வேளைக்கு அளவான உணவு, போதிய உறக்கம், அன்றாட நடை ஆகியவற்றைக் குடும்பம் முழுவதற்கும் வழக்கமாக்கினால், ஒருவர் மட்டும் குற்றவாளிபோல் தனித்து உண்ணும் நிலை வராது. இவை போதாதபோது மருத்துவரிடம் செல்வதில் வெட்கம் எதற்கு? மன்னர் ஒருவர் பகைவர் நாட்டுக்கே சென்றாரே!

அவரைத் தனியே அனுப்பாமல் உடன் சென்றவர் ஒரு மூதாட்டி என்பதை மட்டும் மறவாதிருப்போம். பேரன் படையிழந்து, பட்டமிழந்து, நாட்டார் நகைக்க வந்து நின்றபோது, தோடா அரசி அவன் வயிற்றைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தார்.